பூவலடி வட்டை என்று எழுதியவள்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மரணச் செய்தி இப்போது படமாகத்தான் வந்து சேர்கிறது. இரண்டு குத்துவிளக்கு, சுற்றிப் பூ, நடுவில் இறந்தவரின் முகம். மூன்றாம் பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்து கைத்தொலைபேசியைத் திறந்தேன். நடுவில் நிரஞ்சலா இருந்தாள். பழுகாமத்தைப் பிறப்பிடமாகவும் கல்லடியை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று கீழே எழுதியிருந்தது. அதிகாலையில் நெஞ்சுவலி வந்ததாம், ஆஸ்பத்திரி வாசலோடு எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் உறவா என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

தன் முகம் இணையத்தில் ஓரிடத்திலும் இல்லை என்று பெருமையடித்துத் திரிந்தவள் அவள். அதனால் அஞ்சலிக்குப் போட வீட்டில் ஒரு படமும் அகப்படவில்லை. என் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டில் எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டியவருக்குக் கை நிதானமில்லை. அவளுக்கு இடப்பக்கத்தில் யாரோ ஒருத்தியின் நீலச் சேலைத் தோள் மிஞ்சி நிற்கிறது.

கல்லடியில் அவள் வைத்திருந்த கணினித் திருத்தும் கடை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கிய கிழமை அந்தக் கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. தடையைத் தாண்ட இலவசமாகக் கிடைத்த ஏதேதோ செயலிகளைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் முதலில் ஏச்சு விழுந்தது. “சும்மா தாற கதவுக்கு ஆரோ ஒருத்தன் திறப்பு வச்சிரிப்பான்” என்பாள். பிறகு பொறுமையாக அதை அழித்துவிட்டு, ஆளை அடையாளம் காட்டாமல் கொண்டுபோய் விடுகிற வலையமைப்பை ஏற்றிக் கொடுப்பாள். ஓட்டமாவடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் உம்மா, “மகன் கட்டார்ல. நாங்க சொகமா இரிக்கம் எண்டு அவருக்குச் சொல்லணும் புள்ள” என்றார். குரல் போகாது, எழுத்துத்தான் போகும் என்று சொல்லி நிரஞ்சலாவே எழுதி அனுப்பினாள். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: “உம்மா சாப்பிட்டீங்களா?” அந்த உம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு அந்த வலையமைப்பு விளங்கவேயில்லை. மண்டூருக்குப் போகிற பாதையை வைத்துத்தான் அவள் விளக்கினாள். வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவையைத்தானே நாங்கள் பாதை என்கிறோம். “பாதைக்காரருக்கு நீ குருமண்வெளியில ஏறினது தெரியும். அக்கரையில பஸ் ஏறினா, பஸ்காரருக்கு நீ பாதையால வந்தது மட்டும்தான் தெரியும். மறுகா ஓட்டோவில போனா, ஓட்டோக்காரருக்கு நீ பஸ்ஸால இறங்கினது மட்டும்தான் தெரியும். மூணு பேரையும் ஒண்டா இருத்திக் கேட்டாத்தான் நீ எங்கயிருந்து எங்க போனாய் எண்டு தெரியும். அந்த மூணு பேரும் ஆளையாள் அறியாத ஆக்கள், மச்சாள்.”

கடை மூலையில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டே இருக்கும். இணையத்தை மூடி வைத்திருக்கும் வேறு நாடுகளில் யாரோ அதன் வழியாகக் கடந்து போகிறார்கள் என்றாள். யார் என்று கேட்டேன். தெரியாது, தெரியவும் கூடாது என்றாள். “கள்ளனும் போவான்தானே?” என்று மடக்கினேன். “பாதையில கள்ளனும்தான் ஏறுறான். அதுக்காகப் பாதையை நிப்பாட்டினா ஆஸ்பத்திரிக்குப் போற புள்ளத்தாச்சி நீந்தியா போறது?” அவளோடு வாதாடி நான் வென்றதில்லை.

இனி நான் எழுத வேண்டியதைத்தான் இத்தனை நேரமும் தள்ளிப்போட்டேன்.

வாவிக்கரையில் சிலர் அளவில்லாமல் மண் அள்ளி, உப்புத்தண்ணீர் வயலுக்குள் ஏறிய வருடம் அது. வெளிநாட்டிலிருந்து நடந்த ஒரு தமிழ் இணையத்தளத்தில் அதைப் பற்றிப் பெயரில்லாமல் ஒரு கட்டுரை வந்தது. அந்தத் தளம் அப்போது இங்கே திறக்காது. ஆனாலும் நிரஞ்சலா காட்டிய வழியால் அதை வாசித்தவர்கள் பலர். கட்டுரையை எழுதியவளும் அதே வழியால்தான் அனுப்பினாள். அனுப்புமுன் நிரஞ்சலா அவளிடம் சொல்லியிருந்தாள்: “இது உன்ட விலாசத்தைத்தான் மறைக்கும். உன்ட வாயை மறைக்காது. எழுதினதை எனக்கு ஒருக்காக் காட்டிட்டு அனுப்பு.” அவள் காட்டவில்லை. தமிழ் படிப்பிக்கிறவளின் தமிழைக் கணினி திருத்துகிறவள் பார்ப்பதா என்ற இறுமாப்பு.

கட்டுரையில் “பூவலடி வட்டை” என்று ஒரு சொல் இருந்தது. வட்டை என்று நெற்காணிப் பரப்பை மட்டக்களப்பில் எல்லோரும்தான் சொல்வோம். பூவலடி என்ற பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. அரசாங்கப் பதிவில் அது வெறும் இலக்கம். அங்கே வேளாண்மை செய்யும் மூன்று நான்கு குடும்பங்களின் வாயில் மட்டுமே அந்தப் பெயர் உண்டு. நிரஞ்சலாவின் தாய்வழிச் சீதனக் காணி அங்கேதான் இருந்தது. அவள் பேச்சுவாக்கில் சொன்ன பெயர், காதுக்கு இனித்ததால் கட்டுரைக்குள் போய்விட்டது. மூன்று பேர் கைமாறிப் போன விலாசத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு புலனாய்வுக்காரர் நேரே நிரஞ்சலாவின் கடைக்கு வந்துவிட்டார்கள்.

தவணைப் பரீட்சைத் தாள் போட்டோக்கொப்பி எடுக்க நான் அங்கே நின்றேன். வந்த இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்றார்கள்.

“ஏன் தெரியாது? நான்தான் எழுதினன்” என்றாள் நிரஞ்சலா. “எங்கட காணி. எங்கட பேரு.”

பிறகு தாள்களை அடுக்கி என் கையில் தந்தாள். “டீச்சர், உங்கட கொப்பி சரி. நீங்க போயிட்டு வாங்க.”

பதினைந்து வருடப் பழக்கத்தில் அவள் என்னை டீச்சர் என்றதும் நீங்க என்றதும் அந்த ஒரு தடவைதான். நான் போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணினிகளைப் பரிசோதனைக்கு என்று எடுத்துப் போனார்கள். அவை திரும்பி வரவில்லை. கடைச் சொந்தக்காரர் கடையை விடச் சொன்னார். தெரிந்தவர்களே அவளைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துப் போனார்கள். அவள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நான் பரீட்சைத் தாளைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை.

ஒரு விடுமுறைக்கு அவளைப் பார்க்கப் போனேன். “நல்ல வேலை, மச்சாள். இப்ப வாறவன் போறவனுக்கெல்லாம் வைஃபை திறப்புக் குடுக்கிறன்” என்று சிரித்தாள். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இனிமேல் காலத்தில இணையத்தை மூட மாட்டாங்க கா. மூடினாச் சனம் வேற வழி தேடும் எண்டு அவங்களுக்கும் விளங்கிட்டு. திறந்து வச்சிட்டு ஆர் ஆர் வாறாங்க எண்டு பார்த்துக்கொண்டு இருப்பாங்க. நாமளே விரலை மடக்கிருவம். உன்னைப் பாரு, எழுதுறதையே விட்டுட்டாய்.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“பேரை மறைக்கிறது பயத்துக்கில்ல. அதை எப்ப சொல்றதெண்டு நாம முடிவெடுக்கிறதுக்கு. சொல்ற நேரம் வந்தாச் சொல்லு. ஆரும் கேட்டுச் சொல்லாத. நான் கேட்டும் சொல்லாத.”

புறப்படும்போது ஒரு பையைத் தந்தாள். உள்ளே அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. கணினிகளை அள்ளியவர்கள் அதை ஏதோ மின்சாரச் சாமான் என்று விட்டுப் போயிருக்கிறார்கள். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். என் புத்தக அலுமாரியில் பச்சை வெளிச்சத்தோடு அது இருக்கிறது. இதை எழுதும்போதும் யாரோ முகம் தெரியாத ஒருவர் அதன் வழியாக அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சிய மற்றொன்று, சொல்ற நேரம் வந்தாச் சொல்லு என்று அவள் தந்து, நான் செலவழிக்காமல் வைத்திருந்த அந்த உத்தரவு.

அவளை அறிந்தவர்களே, அவள் தனக்கு வேண்டாத வேலை பார்த்துக் கெட்டாள் என்று செத்த வீட்டிலும் சிலர் சொல்லக் கேட்டேன். அவள் அந்த வேலையைப் பார்க்கவில்லை. என் பெயர் புனிதவதி. இன்னமும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறேன். அஞ்சலிப் படத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் அந்த நீலச் சேலைத் தோள் என்னுடையது. பூவலடி வட்டை என்று எழுதியவளும் நான்தான்.

ஆரும் கேட்டுச் சொல்லவில்லை, மச்சாள்.