மூன்று லைனும் மூன்று மகள்மாரும்

இணுவிலில் ஒரு மிளகாய் மில். அதன் மோட்டருக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றி வைண்டிங் செய்து கொடுத்தது நான். பத்து நாள்கூட ஆகவில்லை, மத்தியானமானால் மோட்டர் கொதித்து நின்றுவிடுகிறதாம். மில்காரர் தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, உம்மடை வைண்டிங் சரியில்லை. நாளைக்குக் கழட்டி வேறை ஆளிட்டைக் குடுக்கப் போறன்" என்றார். எனக்கு வந்த கோபம்! நான் சுற்றிய மோட்டரை இன்னொருவன் பிரித்தான் என்று ஊரில் கதை பரவினால், பிறகு யார் என்னிடம் வருவார்கள்? மீற்றரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மோட்டரை ஓடவிட்டு மூன்று வயர்களிலும் கரண்டை அளந்தேன். இரண்டில் ஒன்பது அம்பியர். ஒன்றில் பதின்மூன்று.

"பாத்தீரோ!" என்றார் மில்காரர், சோதனையில் பாஸானவர் மாதிரி.

"பொறுங்கோ ஐயா."

மெயினை நிறுத்தி, மோட்டரின் மூன்று வயரையும் ஒவ்வோர் இடம் தள்ளிப் பூட்டினேன். இரண்டை மட்டும் மாற்றினால் மோட்டர் பின்பக்கமாகச் சுற்றும். மூன்றையும் தள்ளினால் சுற்று மாறாது. பிழை மோட்டரில் என்றால் அந்தப் பதின்மூன்று அம்பியர் மோட்டர் வயரோடு கூடவே போகவேண்டும். மறுபடி ஓட்டி அளந்தேன். போகவில்லை! மெயினிலிருந்து வரும் மூன்று லைனில் அதே லைனிலேயே சட்டமாகக் குந்தியிருந்தது.

அப்பாடா! என் வைண்டிங் சுத்தம். துள்ளிக் குதிக்காத குறை. வோல்டேஜைப் பார்த்தால் ஒரு லைன் மட்டும் படுத்துக் கிடந்தது. வோல்டேஜ் கொஞ்சம் கோணினாலே கரண்ட் கனக்கக் கோணும். அந்த லைனில் அப்படி என்ன பாரம் என்று வயரைப் பின்தொடர்ந்து வளவுக்குள் போனேன்.

போகப் போக என் நடை குறைந்தது. அந்த வளவில் மில்காரர் தன் மூன்று மகள்மாருக்கும் சீதனமாகக் கட்டிய மூன்று வீடுகள். மூன்றுக்கும் மில்லிலிருந்துதான் கரண்ட், வீட்டுக்கு ஒரு லைனாக; வயரிங்கும் என் கைதான். ஊரில் கரண்ட் போனாலும் ஒரு லைன் மட்டும் அநேகமாகப் போகாது. போன வருடம் மூத்தவள் வந்து, "அண்ணை, எங்கடை வீட்டைப் போகாத லைனிலை போட்டுவிடுங்கோ. தங்கச்சியவைக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். வடையும் தேத்தண்ணியும் வந்தன. போட்டேன். அடுத்த மாதம் நடுவிலாள். அதற்கடுத்த மாதம் கடைக்குட்டி. மூன்று வீடும் அந்த ஒரே லைனில். அண்ணை என்று கூப்பிட்டால் எப்படி மறுப்பது? இந்த வெயிலுக்கு மூன்று வீட்டுக்கும் புது ஏசி வேறு வந்திருந்தது.

உண்மையைச் சொல்லாவிட்டால் மோட்டர் வேறு கைக்குப் போகும். ஏசிகளை நிறுத்தச் சொன்னேன். மகள்மார் மூவரும் என்ன ஏதென்று மில்லுக்கே வந்துவிட்டார்கள். மீண்டும் அளந்தேன். மூன்றிலும் பத்து.

"அப்ப வைண்டிங் பிழையில்லையோ?"

"இல்லை ஐயா. வைண்டிங் செய்தவன் நல்ல வேலைக்காரன். வயரிங் செய்தவன்தான் மடையன்."

"ஆர் அந்த மடையன்?"

மகள்மார் மூவரும் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.

"நான்தான்" என்றேன்.