ஆல்ப்ஸில் ஒரு மஞ்சள் ஜாக்கெட்

போன வாரம் ஒரு பஞ்சரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஆமாம், டயர் பஞ்சர்தான். நமக்கெல்லாம் பஞ்சரானால் எங்கே ஆகும்? அஜ்மானிலிருந்து துபாய் போகிற ரோட்டில், காலை டிராஃபிக்கில், பின்னால் நிற்பவனெல்லாம் ஹாரன் அடிக்க... என் சகலை முருகேஷுக்கு எங்கே ஆனது தெரியுமா? ஆல்ப்ஸ் மலையில்! பின்னால் பனி மூடிய சிகரம், பக்கத்தில் பச்சைப் புல்வெளி, அதில் கழுத்தில் மணி கட்டிய மாடுகள். பஞ்சராவதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் போலிருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். துபாயில் டியூட்டி, வாடகை கம்மி என்பதால் அஜ்மானில் குடித்தனம். முருகேஷ் என் மனைவி செல்வியின் தங்கை கவிதாவைக் கட்டியவர். பஹ்ரைனில், ஈசா டவுனில் இருக்கிறார்கள். அவர் அக்கவுன்ட்ஸ் மேனேஜர். நல்ல மனிதர். அதுதான் பிரச்னையே! கெட்டவராக இருந்தால் என் பொறாமைக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

ஏனென்றால் இந்த ஐரோப்பா டிரைவ் இருக்கிறதே... அது என்னுடையது.

மியூனிக்கில் காரை வாடகைக்கு எடுப்பது, ஆஸ்திரியா வழியாக மலையைக் கடப்பது, இத்தாலியில் ஒரு ஏரிக்கரையில் போய் இறங்குவது. பிரியாணி தின்ற மயக்கத்தில், சோபாவில் படுத்தபடி, எத்தனையோ லீவு நாளில் யூடியூபில் நான் ஓட்டிய ரூட் அது. எந்தச் சுரங்கப்பாதை தாண்டினால் பெட்ரோல் பங்க் வரும் என்பதுவரை தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த முருகேஷிடம் மொத்தத்தையும் கொட்டினேன். அவர் ரசம் சோற்றைப் பிசைந்தபடி "சூப்பர்ணே, சூப்பர்ணே" என்றார். அடுத்த லீவுக்கு விசா வாங்கிவிட்டார்.

போதாததற்கு, கிளம்புவதற்கு முன்னால் எனக்கே போன்.

"அண்ணே, அங்க கார்ல என்னென்ன வச்சிருக்கணும்னு சட்டமெல்லாம் இருக்காமே? நீங்கதான் சேஃப்டி ஆளாச்சே... கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

நான் பார்த்து வைத்த பெண்ணுக்கு அவர் மாப்பிள்ளையாம். மாலை மட்டும் நான் கட்டித் தர வேண்டுமாம்!

தந்தேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் முருகேஷ், என்று ஆரம்பித்தேன். காருக்குப் பின்னால் வைக்கிற அந்தச் சிவப்பு முக்கோணம் கட்டாயம் வேண்டும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்பார்கள். முக்கியமாக, வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் ஜாக்கெட். ஹைவேயில் கார் நின்றுபோய் இறங்கினால், அது உடம்பில் இருந்தாக வேண்டும். வாடகைக் காரில் பெரும்பாலும் ஒன்றுதான் வைத்திருப்பார்கள். நீங்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கியில் போட்டுவிடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டணும்.

"ஓகேண்ணே, ஓகேண்ணே..."

அதே ரசம் சோற்றுக் குரல்.

அப்புறம் என்ன, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் அடைமழை. மியூனிக்கில் காலை டிபன். கார் சாவியோடு முருகேஷ். கார் ஜன்னலில் கவிதா. செல்வி ஒவ்வொன்றுக்கும் ஹார்ட் போட்டாள். நான் தம்ஸ் அப் போட்டேன். பொறாமைக்காரர்களுக்கென்றே கண்டுபிடித்த பொம்மை அது.

அந்த வரிசையில்தான் பஞ்சர் வந்தது. 'ஆல்ப்ஸ்ல பஞ்சர்!' என்று கவிதா சந்தோஷமாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள்.

பொறாமைக்காரன் போட்டோ பார்க்கிற விதமே வேறு. முழுசாகப் பார்க்க மாட்டான். ரெண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, எங்கேயாவது ஒரு குறை கிடைக்காதா என்று மேய்வான். சட்டை கசங்கியிருக்கிறதா? தொப்பை தெரிகிறதா? நானும் மேய்ந்தேன். கூலிங் கிளாஸோடு காரில் சாய்ந்து நிற்கிறார் முருகேஷ். தேய்த்த வெள்ளைச் சட்டை. ஜாக்கெட் இல்லை! பார்த்தீர்களா, நான் சொன்னதைக் கேட்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம்.

அப்படியே விரலை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

அங்கே நிலா இருந்தாள். அவர்கள் மகள், இன்னும் பால் பல் விழாத குழந்தை. ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் கைகளை விரித்துக்கொண்டு நடக்கிறாள். கோட்டுக்கு அந்தப் பக்கம், வேகத்தில் கலங்கலாகத் தெரிகிற ஒரு லாரி.

உடனே போன் போட்டேன்.

"அண்ணே, போட்டோ பாத்தீங்களா? பஞ்சர்னாலும் எடம் செம எடம்ணே!"

"ஜாக்கெட் எங்க முருகேஷ்?"

"டிக்கியிலண்ணே... பெட்டிக்கு அடியில."

"எடுத்துப் போடுங்க மொதல்ல."

"போட்டுக்கலாம்ணே. போட்டோ எடுத்துட்டு இருந்தோமா... அதப் போட்டா சைட்ல நிக்கற மாதிரி இருக்கும்னு..."

எனக்குப் புரிந்தது. வளைகுடாவில் இருக்கிற எவனுக்கும் புரியும். முருகேஷும் ஒரு காலத்தில் சைட்டில் ஸ்டோர் கீப்பராக மஞ்சள் ஜாக்கெட் போட்டவர்தான். இங்கே அது பாதுகாப்பு உடை அல்ல, பதவி. மஞ்சள் போட்டவன் யார், போடாதவன் யார் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் தொழிலாளர் கேம்ப்பில் பாருங்கள், ஊரிலிருந்து வீடியோ கால் வந்தால் முதலில் ஜாக்கெட் கழன்றுவிடும். அப்புறம்தான் "ஹலோ". உத்தியோக உயர்வென்று அதை ஒரேயடியாகக் கழற்றிப் போட்டவர், ஆல்ப்ஸுக்குப் போய் மறுபடி மாட்டிக்கொள்வாரா? அங்கத்துச் சட்டத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. கார் நின்றால் முதலாளியும் மஞ்சள், டிரைவரும் மஞ்சள்.

இதையெல்லாம் விளக்க நேரமில்லை. நிலா ஞாபகம் வந்தது. என்னையறியாமல் என் சைட் குரல் கிளம்பிவிட்டது.

"அரே பாய்! ஜாக்கெட் பெஹ்னோ! பச்சே கோ ரெயிலிங் கே பீச்சே! ஜல்தி! யல்லா!"

ஜாக்கெட்டைப் போடு, பிள்ளையைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டு போ. அவ்வளவுதான். ஆனால் சொன்ன வேகத்தில் சமையலறையில் செல்வியின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. சொந்தக்காரரிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? அந்தப் பக்கம் என் சகலை, ஈசா டவுன் அக்கவுன்ட்ஸ் மேனேஜர், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அச்சா பாய்!" என்றார்.

போனை எங்கேயோ வைத்துவிட்டார். டிக்கி திறக்கிற சத்தம். "நிலா, இங்க வா!" என்று கவிதா அலறுகிற சத்தம். பிறகு ஒரு லாரி... காதோடு உரசிக்கொண்டு போகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. செல்வி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஆல்ப்ஸும் வேண்டாம், இத்தாலி ஏரியும் வேண்டாம், அந்தப் பிள்ளையின் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது.

"அத்தான்..." கவிதாவுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் ரெயிலிங்குக்கு அந்தப் பக்கம் வந்துட்டோம். பாப்பா என் கையிலதான் இருக்கா. அந்த லாரி அடிச்ச காத்துல முக்கோணமே சாஞ்சிட்டு அத்தான்."

பின்னால் நிலா மாட்டைப் பார்த்து "மூ..." என்றாள். செல்வி அழுதுவிட்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்று எழுதினால் என் சைட்டில் ஒருவனும் மதிக்க மாட்டான். துடைத்துக்கொண்டேன்.

அப்படியாவது என் பொறாமை ஒழிந்ததா என்று கேட்கிறீர்களா? அடுத்த போட்டோ வரும்வரை ஒழிந்திருந்தது.

மஞ்சள் ஜாக்கெட்டில் முருகேஷ். பின்னால் சிகரம். பக்கத்தில் டயர் மாற்ற வந்த வெள்ளைக்காரர், அவரும் மஞ்சள். ரெண்டு பேரும் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். குரூப்பே கொண்டாடியது. 'ஹீரோ!' என்றான் ஒரு சித்தப்பா மகன். 'கலர் உங்களுக்குன்னே செஞ்சது' என்றாள் ஒரு மதினி. ஹார்ட்... ஹார்ட்... ஹார்ட். நான் வாழ்நாளில் பாதியை அந்த ஜாக்கெட்டுக்குள் கழித்தவன். எவராவது எனக்கு ஒரு ஹார்ட் போட்டதுண்டா?

நேற்று சாயங்காலம், சைட் ஆபீசிலிருந்து கிளம்புகிற நேரத்தில், மாமியாரின் வீடியோ கால். நலம் விசாரித்தார்கள். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்கள்:

"சின்ன மாப்ள போட்டோ பாத்தேன். அந்த மஞ்சக் கோட்டு என்னமா எடுப்பா இருக்கு! அங்கன கெடச்சா நீங்களும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடுங்க மாப்ள."

"பாக்குறேன் அத்த" என்றேன் — கழற்றி மடியில் போட்டிருந்த மஞ்சளைக் கேமராவுக்குத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியபடி.