மூன்றாவது கிளாஸில் கருகல் வாசனை

1. நாற்பத்தொன்று

நான் போட்ட மார்க்கைப் பார்த்துவிட்டு மேனேஜர் ரகுநாதன் சார் என் அறைக்கே வந்துவிட்டார்.

"ஜெயந்தி, நூத்துக்கு நாப்பத்தொண்ணா? மத்த ரெண்டு பேரும் தொண்ணூறுக்கு மேல குடுத்திருக்காங்க. முப்பது வருஷம் பீப்பாயில இருந்த சிங்கிள் மால்ட் விஸ்கிம்மா இது."

"கருகல் வாசனை வருது சார். ரப்பர் எரிஞ்ச மாதிரி."

"அவங்களுக்கு வரலையே?"

"எனக்கு வருது."

அவர் திரும்பிப் போய்விட்டார். என் மூக்கை அந்த ஆபீஸில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

எங்கள் கம்பெனி வெளிநாட்டு விஸ்கியை இறக்குமதி செய்து பெரிய ஓட்டல்களுக்கு விற்றது. ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடோன். வரும் ஒவ்வொரு சரக்கு லாட்டையும் மூன்று பேர் கொண்ட பேனல் ருசி பார்த்து மார்க் போடும். அந்தப் பேனலுக்கு நான் தலைவி. எர்ணாவூரில் ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனி லேபில் சிக்கு வாடை கண்டுபிடிக்கும் வேலையில் தொடங்கி, அதே மூக்கை வைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டில் கேட்டால் குவாலிட்டி கன்ட்ரோல் என்று மட்டும் சொல்வேன்.

பார்ப்பதற்கு இந்த வேலை எளிமையாகத் தெரியும். கிளாஸில் கொஞ்சம் ஊற்றி முகர வேண்டும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிவிட்டுத் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. டேஸ்டிங் நாளில் தலையில் பூ வைக்க மாட்டேன், பவுடர் போட மாட்டேன், இட்லிக்குச் சட்னிகூடத் தொட்டுக்கொள்ள மாட்டேன். அவ்வளவு கட்டுப்பாடாக இருந்த எனக்குத்தான் அந்தக் கருகல் வந்தது.

2. வீட்டிலும் வந்தது

உண்மையைச் சொன்னால், அந்த லாட் வருவதற்கு முன்பே அது தொடங்கியிருந்தது.

திருவொற்றியூரில் எங்கள் வீடு. என் கணவர் குமார் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறார். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ரப்பர் எரியும் வாடை. அடுப்படிக்குப் போனேன், சுவிட்ச் போர்டை முகர்ந்தேன், மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

"இன்னாமே, வூடு பூரா மோப்பம் புடிச்சிகினு கீற?" என்றார் அவர்.

"எதுவோ எரியுது. உங்களுக்குத் தெரியல?"

"ஒண்ணியும் எரில. எண்ணூர் பக்கத்துலேர்ந்து காத்து வருதோ இன்னாவோ. ஜன்னல சாத்து."

சாத்தினேன். எங்கள் பகுதியில் வளர்ந்தவர்கள் அப்படித்தான். ஒரு பக்கம் எண்ணெய் ஆலை, ஒரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், நடுவில் கருவாடு. கெட்ட வாடை வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்போம். நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று யாருக்கும் தோன்றாது.

வாடையைவிட அதற்கு முன்னால் வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. வயிற்றுக்குள்ளிருந்து காரணமே இல்லாத ஒரு பயம் மெல்ல நெஞ்சுக்கு ஏறும். உடனே சுற்றிலும் நடப்பதெல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்தது போலிருக்கும். இப்போது குமார் டம்ளரைக் கீழே வைப்பார், இப்போது தெருவில் ஹாரன் அடிக்கும், இப்போது அவர் என் பெயரைச் சொல்வார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அவர் டம்ளரை வைப்பார். ஹாரன் அடிக்கும். "ஜெயந்தி" என்பார். அவர் குரல் வேறு ஏதோ வீட்டிலிருந்து வருவது போல் கேட்கும்.

பிறகு எல்லாம் சரியாகிவிடும். இதை யாரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

3. நீலக் கிளாஸ்

பேனல் தலைவியான என் மார்க் மாறாமல் நின்றால் அந்த லாட் முழுவதும் திரும்பிப் போகும். சப்ளையர் சும்மா இருப்பாரா? தன் ஆளை அனுப்பினார். அந்த ஆளின் கண்ணெதிரே மறு டேஸ்டிங் என்று முடிவானது.

"இந்தத் தடவையும் நீ மட்டும் தனியா நின்னா, பேனலை நான் மாத்த வேண்டி வரும்" என்றார் ரகுநாதன் சார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

எங்கள் டேஸ்டிங் அறையில் ஆளுக்கொரு தடுப்பு. எதிரே சின்னத் திறப்பு. அதன் வழியாகச் சாம்பிள் ரூம் நசீர் பாய் கிளாஸை நீட்டுவார். வண்ணாரப்பேட்டைக்காரர். விஸ்கியைத் தொட்டுக்கூட ருசி பார்க்காதவர். ஆனால் ஊற்றுவதில் ஒரு சொட்டு கூடாது, குறையாது. நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக எல்லாம் கருநீலக் கிளாஸ்.

மூன்று கிளாஸ் வந்தன. முதலாவதில் தேன், ஆரஞ்சுத் தோல். பழைய லாட் என்று புரிந்தது. இரண்டாவதைக் கையில் எடுக்கும்போதே வயிற்றில் அந்தப் பயம் ஏறத் தொடங்கிவிட்டது. அதை அப்படியே வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தேன். கருகல். மூக்கு முழுக்க, தொண்டை முழுக்கக் கருகல். இந்தத் தடுப்பில், இந்தக் கிளாஸோடு, இதே கணத்தில் நான் முன்பும் உட்கார்ந்திருந்தேன் என்று நிச்சயமாகத் தோன்றியது.

தெளிந்ததும் திறப்பைப் பார்த்தேன். நசீர் பாயின் முகம் அங்கே இருந்தது. கண்கள் என்மேலேயே இருந்தன.

"மூணாவதுதான் பாய் அந்த லாட். எழுதிக்கலாமா?"

அவர் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு என் தடுப்புக்குள்ளேயே வந்துவிட்டார். டேஸ்டிங் நடக்கும்போது அவர் உள்ளே வந்ததே இல்லை.

"மேடம், அது தண்ணி."

"எது?"

"மூணாவது. ரெண்டாவதுதான் அந்த லாட்டு. இது வெறும் கேன் தண்ணி. சப்ளையர் ஆளு ஒரு கிளாஸ் தண்ணி வெக்கச் சொன்னாரு. நாந்தான் ஊத்துனேன்."

கிளாஸைத் திரும்ப எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. விஸ்கியின் குத்தல்கூட இல்லை. அது இல்லாததை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

நசீர் பாய் குரலைத் தாழ்த்தினார். "நா உங்கள கூப்டுகினே கீறேன் மேடம். நீங்கோ திரும்பல. வாய் மட்டும் மென்னுகினே இருந்துச்சி. மொதல்ல டேஸ்ட் பண்றீங்கோன்னு நெனச்சேன். பாத்தா கிளாஸ் மேஜ மேல கீது. வாயில ஒண்ணியும் இல்ல."

"நானா?"

"போன தடவையும் இப்டித்தான் மேடம். அப்போ வேலயா கீறீங்கோன்னு வுட்டுட்டேன். எங்க மச்சானுக்கு ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னால இதே மாதிரி மெல்லுவாரு. டாக்டராண்ட போலாம் மேடம். இன்னிக்கே போலாம்."

அடுத்த தடுப்பிலிருந்து சப்ளையரின் ஆள் சிரிப்பது கேட்டது. தண்ணீரில் ரப்பர் கண்டுபிடித்த மேடம் என்று ஊரெல்லாம் சொல்வார் என்று நினைத்தேன். ரகுநாதன் சார் அவரை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டு, எனக்குக் கார் ஏற்பாடு செய்தார்.

4. பிறகு

ஸ்கேனில் தெரிந்தது. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, மூளையில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி.

"நீங்க மோந்தது வெளிய இருக்கிற வாசனை இல்லம்மா. அது சின்ன அளவுல வர்ற ஃபிட்ஸ். முன்னாடியே நடந்த மாதிரி தோணுறதும் அதோட சேர்ந்ததுதான்" என்றார் டாக்டர்.

குமார் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "நா ஜன்னல சாத்துன்னு சொன்னேனேமே" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கருகல் போனது. அதோடு மற்ற வாசனைகளும் பெரும்பாலும் போய்விட்டன. குமார் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றால்கூட மீன் வாடை தெரிவதில்லை. வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது போல் முதலில் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

அந்த லாட் தொண்ணூற்றிரண்டு மார்க்கோடு ஓட்டல்களுக்குப் போனது. நியாயமான மார்க் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என் கையால் நாற்பத்தொன்று போட்ட அந்த விஸ்கியின் உண்மையான வாசனையை நான் கடைசி வரை அறியவில்லை.

கம்பெனி என்னை அனுப்பவில்லை. ஓய்வு பெறும் வரை புதிய பேனல்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். தேன், மரம், புகை என்று சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். உங்களுக்கு மட்டும் ஒரு வாசனை வந்தால், மார்க் போடுவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரை முகர்ந்து பாருங்கள். தண்ணீரிலும் அது இருந்தால், பேனாவை வைத்துவிட்டு உடனே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.