விசில் அக்கா நிறுத்திய மாத்திரை

அந்தத் தடத்துப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் விசில் அக்காதான். பல வருடமாகக் கண்டக்டர். மூட்டு வீக்கத்துக்காக தினமும் காலையில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. அதைப் போட்டால்தான் விரல் மடங்கும், டிக்கெட் கிழியும்.

மழை தொடங்கியதும் டிப்போவில் வைரஸ் காய்ச்சல் ஆளாளுக்குத் தாவியது. கேண்டீனில் மெக்கானிக் கொளுத்திப் போட்டார்.

“ஸ்டீராய்டு சாப்பிடற உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்காதுக்கா. வைரஸுக்கு நீங்க கதவைத் திறந்து வச்சிருக்கீங்க.”

“முதல்ல உன் வாயை மூடுப்பா” என்று சிரித்தார் அக்கா. ஆனால் மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். டிரைவரிடம் மட்டும் சொன்னார்: “வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கத்துவாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணே.”

மெக்கானிக் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. உடம்பு தானே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் வேலையைத்தான் இந்த மாத்திரை செய்கிறது. அளவு கூடினால் கிருமியோடு மோதும் அணுக்கள் மந்தமாகும். தொற்று எளிதில் ஒட்டும். மெக்கானிக்குக்குத் தெரியாதது வேறு ஒன்று. மாத்திரை நாள்பட வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால், காய்ச்சலைத் தாங்கக் கார்டிசால் கையிருப்பு இருக்காது.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. லீவு போடாமல் வண்டி ஏறினார். பாலம் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்: கம்பியைப் பிடித்தபடியே அக்கா சரிந்துகொண்டிருந்தார். பயணிகளோடு பஸ்ஸை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

“யோவ், என் ஸ்டாப் போச்சு!”

“இங்க ஒரு உசுரே போகுது, உனக்கு ஸ்டாப்பு!”

அவசர சிகிச்சை அறையில் சலைன் ஏறியும் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஓடி வந்த கணவரிடம் டாக்டர் கேட்டார்: “வேற மாத்திரை ஏதாவது?”

“மூட்டுவலிக்கு ஏதோ ஒண்ணு, டாக்டர். தவறாம போடுவா. அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

வாசலில் நின்ற டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் அக்காவின் உதடு வெளுத்துக் கிடந்தது.

“அது ஸ்டீராய்டு, டாக்டர். நிறுத்திட்டாங்க. நாலஞ்சு நாளாச்சு.”

டாக்டர் திரும்பிய வேகத்தில் நர்ஸ் ஸ்டீராய்டு ஊசி மருந்தை எடுக்க ஓடினார். அது உள்ளே போய் வெகுநேரம் கழித்துத்தான் மானிட்டரில் ரத்த அழுத்த எண் மெல்ல ஏறியது.

கண் விழித்ததும் அக்கா டிரைவரை முறைத்தார். “சொல்லாதீங்கன்னேனே அண்ணே?”

“சொல்லலைன்னா இப்படி முறைக்க நீ இருந்திருக்க மாட்ட.”

டாக்டர் வந்ததும் அக்கா கேட்டார்: “போட்டாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்துன்னா நான் என்னதான் பண்றது டாக்டர்?”

“நீங்களா நிறுத்தாதீங்க. குறைக்கணும்னா நாங்க படிப்படியா குறைப்போம். காய்ச்சல் வந்தா உடனே வாங்க, அப்ப அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். தடுப்பூசி போட்டுக்கங்க. கூட்டத்துல மாஸ்க் போடுங்க.”

“அவ வேலையே கூட்டந்தானே டாக்டர்” என்ற கணவர், அக்காவிடம் குனிந்தார். “பேசாம வேலையை விட்டுடு.”

“ஒண்ணை விட்டுட்டுத்தான் இங்க வந்து படுத்திருக்கேன். இன்னொண்ணையும் விடணுமா?”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அக்கா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.