ஒத்துவராது அக்கா

கடையில் அவளுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் மூன்று மாடிக் கடை அது. கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் மேசை அவளுடையது. வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு மெஷின் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், மேலே போய்ப் பிடித்ததையெல்லாம் பொறுக்கி எழுதிக்கொண்டு, அந்தச் சீட்டோடு அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்தப் புராசஸர் இந்த மதர்போர்டில் உட்காருமா, இந்த கார்டு இந்த கேபினெட்டுக்குள் நுழையுமா, இத்தனையையும் இந்த பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் பொருள் கடையை விட்டு வெளியே போகும். பெரும்பாலும் போடமாட்டாள்.

"எல்லாமே டாப் ஐட்டம் மேடம்" என்பார்கள்.

"டாப்தான். ஒத்துவராது."

"ஏன்?"

"இந்த ரேமுக்குப் பள்ளம் வேற இடத்துல இருக்கு. இந்த போர்டுல உக்காராது."

"கொஞ்சம் அழுத்தி உக்கார வைக்க முடியாதா?"

"உக்கார வைக்கலாம். அப்புறம் எந்திரிக்காது."

சிரிப்பவர்கள் உண்டு. முதலாளியைக் கூப்பிடு என்று கத்துபவர்கள் அதைவிட அதிகம். முதலாளி வந்து, "அக்கா சொன்னா சொன்னதுதான் சார்" என்று கையை விரித்துவிட்டுப் போவார். அவர் குரலிலும் பாராட்டு இருக்காது, அலுப்புதான் இருக்கும்.

ஒரு பொருள் நல்லதா என்பது சின்னக் கேள்வி. எதோடு சேர்ந்தால் நல்லது என்பதுதான் பெரிய கேள்வி. மனிதர்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததுமே கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவள் சம்பளம் வாங்குவது இரண்டாவது கேள்விக்காக. அந்தக் கேள்வியை வீட்டில் கேட்க அவளுக்கு உரிமை கிடையாது.

வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு அறை. அந்த அறையில் அவளுடைய கொழுந்தன் இருந்தான். "ஒரு பத்து நாள்" என்று தோளில் ஒரு பையோடு வந்தவன்; வந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. தனி ஆள், படிக்கிறவன், வேலை தேடுகிறவன் என்று ஏதேதோ காரணம் சொல்லி அவள் கணவர் அறையைத் தம்பிக்குக் கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் படுத்தார்கள். அவளுடைய துணி அலமாரி மட்டும் அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சொந்தத் துணியை எடுக்கச் சொந்த வீட்டின் கதவைத் தட்டுவாள்.

"ஒரு நிமிஷம் அண்ணி" என்று உள்ளிருந்து குரல் வரும். அந்த ஒரு நிமிஷம் கால் மணி நேரம் நீளும். ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, முந்தின நாள் போட்ட துணியோடு வேலைக்குப் போனாள். அன்றைக்கு அவள் முன்னால் வந்த ஒரு சீட்டும் தேறவில்லை.

அவனை அவள் "தம்பி" என்றும் "நீங்க" என்றும்தான் கூப்பிடுவாள். மரியாதையையே கம்பாக வைத்துக்கொண்டு ஒருவரைத் தூரத்தில் நிறுத்த முடியும் என்று தெரிந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடத்துத் தரையில் அட்டைப் பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்கு ஒரு நிறுவனத்தில் மனுப் போட்டிருந்தான். அடுத்த சனிக்கிழமைக்குள் பத்து நிமிடப் படம் ஒன்றைத் தொகுத்து அனுப்ப வேண்டும். அதற்காக மெஷின் கட்டுகிறான். அண்ணி வேலை பார்க்கும் கடையைத் தாண்டிப் போய், நான்கு தெரு தள்ளி வேறொரு கடையில் எல்லாவற்றையும் வாங்கியிருந்தான். அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவும் செய்தான்.

அவள் பெட்டிகளைத் தாண்டி நடக்கும்போது புராசஸர் டப்பாவைப் பார்த்தாள். எண்ணின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை எழுத்தையும் பார்த்தாள். அந்த எழுத்து இருந்தால் அதற்குள் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி கிடையாது. அதற்குத் தனியாக ஒரு கார்டு போட வேண்டும். தரையில் கார்டு எதுவும் இல்லை. டப்பாவின் சீல் இன்னும் உடைபடவில்லை. உடைக்காதவரை கடையில் மாற்றிக்கொடுப்பார்கள்.

"தம்பி, அந்த புராசஸர்..."

"அண்ணி, நீங்க கடையில சீட்டுல கையெழுத்துப் போடறவங்க. நான் நாப்பது வீடியோ பாத்துட்டு வாங்கியிருக்கேன்."

"நாப்பதுலயும் இதைச் சொல்லலையா?"

"எதை?"

அவள் ஒரு கணம் நின்றாள். "ஒண்ணுமில்ல தம்பி. உடைங்க."

உடைத்தான்.

சாயங்காலம் அறைக்குள் மெஷின் ஓடியது. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருட்டாகவே நின்றது. மதர்போர்டின் பின்னால் திரைக்கான கேபிளைச் சொருக இடம் இருந்தது, அவனும் சொருகியிருந்தான். இடம் இருந்துவிட்டால் ஆள் இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். ரேமைக் கழற்றி மாட்டினான். யாரிடமோ இரவல் கேட்டு வேறொரு திரையைக் கொண்டுவந்து பார்த்தான். வாங்கின கடைக்குப் போன் போட்டான். சீல் உடைத்தாகிவிட்டது, இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். மூன்றாம் நாள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, அண்ணனிடம் பேசுவதுபோல அவள் காதில் விழச் சொன்னான்.

"யாரோ பெருக்கறப்ப துடைப்பத்தால பெட்டியை இடிச்சிருக்காங்க."

"நான் உங்க ரூமுக்குள்ள வந்தே நாலு நாளாச்சு தம்பி. தட்டினேன். நீங்கதான் ஒரு நிமிஷம்னீங்க."

அந்த மூன்று நாளும் அவளுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. இதை அவளுக்குச் சாதகமாகச் சொல்ல வழியில்லை. ஒருவன் தவிப்பதைப் பார்த்து இன்னொருவர் வயிறு நிறைவது உலகத்தில் நடப்பதுதான். அதனால் அது நல்லதாகிவிடாது.

புதன்கிழமை, தட்டைக் கழுவிக்கொண்டே கணவர் சொன்னார்: "பாவம், இந்த வேலை கிடைச்சா வெளியூர் போய் தனியா இருந்துக்கறேன்னு சொன்னான். இப்ப அதுவும் போச்சு."

அவள் கை பாத்திரத்திலேயே நின்றது. "வெளியூரா?"

"கம்பெனி அங்கதானே இருக்கு."

மூன்று நாளாக அவள் அனுபவித்தது யாருடைய தோல்வியை? அவன் திரை இருண்டு கிடக்கும்வரை இவளுக்குக் கூடம்தான் கதி. வாயை மூடிக்கொண்டு தன் அறைக்குத் தானே பூட்டுப் போட்டிருக்கிறாள். போய்ச் சொல்லலாம்தான். சொன்னால் அவன் கேட்கமாட்டான். கேட்டாலும், கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே வேறு எதையாவது செய்வான். அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் செய்வாள்.

மறுநாள் கடையில், பழுது பார்க்கும் பிரிவில் இருக்கும் மெக்கானிக்கிடம் போய் நின்றாள். திரும்பி வந்த கார்டுகள் அவர் அலமாரியில்தான் கிடக்கும்.

"அரை உயரத்துல ஒண்ணு வேணும். தனியா ஒயர் கேக்கக் கூடாது, போர்டுலருந்தே கரண்ட் எடுத்துக்கணும். சோதனைக்குத்தான்."

"யார் மெஷினுக்கு அக்கா?"

"எதிரி மெஷினுக்கு."

மெக்கானிக் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். "ஒரு வாரம், பத்து நாள். அதுக்குள்ள வந்துடணும்" என்று சொல்லித் தூசியைத் தட்டிக் கொடுத்தார். கொழுந்தன் வாங்கியிருந்தது புத்தகம்போல நிற்கும் ஒல்லிக் கேபினெட். முழு உயர கார்டு அதற்குள் தலையை நுழைக்காது. அதிலிருந்த பவர் சப்ளையும் நோஞ்சான். அவள் எந்தச் சீட்டையும் பார்க்காமல் தேர்ந்தெடுத்தாள். மூன்று நாளாக மனசுக்குள் அந்தப் பெட்டியைத் திட்டித் திட்டியே அதன் அளவெல்லாம் பாடமாகியிருந்தது.

மத்தியானம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவன் புதுக் கேபிள் வாங்கப் போயிருந்தான். கதவைத் தட்டாமல் அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது இரண்டு வருடம் ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஓரத்தோடு ஓரமாக மடிந்து, ஒரே இடைவெளியில் முடிச்சுப் போட்டு நின்றன. வெட்டிய முனைகூட உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. கடையில் பதினைந்து வருட அனுபவக்காரர்கள்கூட இப்படிக் கட்டுவதில்லை. இதில் சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தாள். அவள் யாரைப் பற்றியும் அதற்கு மேல் உயர்வாக நினைத்ததில்லை. அடுத்த கணமே ஒரு குறை கண்ணில் பட்டது. பின்பக்க விசிறியைத் திருப்பி மாட்டியிருந்தான். காற்று போகும் திசையைக் காட்டச் சட்டத்தில் குத்தியிருந்த அம்பு உள்ளே பார்த்தது. சூட்டை வெளியே தள்ள வேண்டியது, வெளிக்காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. நாலு திருகாணி வேலைதான். அவள் அதைத் தொடவில்லை. அறை கிடைப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் செய்ய வந்தாள்.

கார்டை அழுத்தினாள், கிளிக்கென்று உட்கார்ந்தது. திரைக் கேபிளை அதில் மாற்றிச் சொருகிப் பொத்தானைத் தட்டினாள். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக எழுந்தன. அப்படியே ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அவன் வந்தான். அறைக்குள் போனான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேபிள் எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்காமல் இருந்திருக்க முடியாது; வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொன்னான்:

"கேபிள்தான் கோளாறு. நான் அப்பவே நினைச்சேன்."

சமையலறையில் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக நறுக்கியது. போகட்டும், போகிறவன்தானே.

சொன்ன சனிக்கிழமைக்குள் படத்தை அனுப்பினான்; அதற்கடுத்த சனிக்கிழமை வேலை கிடைத்த செய்தி வந்தது. கணவர் தம்பியின் முதுகைத் தட்டினார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுடைய குரலும் இனித்தது.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. எப்ப கிளம்பணும்?"

"எங்க கிளம்பணும்?"

"கம்பெனிக்கு?"

"அங்கெல்லாம் போக வேணாம் அண்ணி. சொந்தமா நல்ல மெஷின் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். அப்ப வீட்டுலருந்தே பாத்துக்கோன்னுட்டாங்க. திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு ஆரம்பம்."

"நல்லதாப் போச்சு, வாடகையும் மிச்..." என்று தொடங்கிய கணவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அறைக்குள் போனாள். தட்டவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தவன் எழுவதற்குள் பின்னால் சுவிட்சை அணைத்து, பலகையைக் கழற்றி, ஒரே ஒரு திருகாணியை விடுவித்துக் கார்டை உருவினாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"கேபிளைச் சரி பாக்கறேன்."

அவன் முகம் சிவந்தது. "நாளைக்கு நான் வேலையில உக்காரணும்."

"உக்காரு. யாரு வேணாங்கறா? படம்தான் வராது. இது கடைச் சாமான்." அவள் "நீ" என்று சொன்னதை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். திருத்திக்கொள்ளவில்லை.

"நானே வேற வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கோ. உன் பெட்டிக்குள்ள முழு உயரம் நுழையாது. நுழையறதுல பாதியை உன் பவர் சப்ளை தாங்காது. மீதியில எது சேரும்னும், ஞாயித்துக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்னும் அந்த நாப்பது வீடியோவுல பாரு."

வாசலில் கணவர் வந்து நின்றார். "கொடுத்துத் தொலையேன்..."

"நீங்க பேசாதீங்க. பத்து நாள்னு கூட்டிட்டு வந்தது நீங்க."

அவர் நகர்ந்துவிட்டார். கொழுந்தன் அவள் கையிலிருந்த கார்டையே பார்த்தான். "இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"ரூம்."

"கூடத்துல வச்சு எப்படி வேலை பாக்கறது? டிவி ஓடும், சமையல் சத்தம் வரும், ஆள் குறுக்க நடப்பாங்க. ஒத்துவராது அண்ணி."

தன் சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கூடத்துலதான் நாங்க ரெண்டு வருஷம் ஏழு மாசம் தூங்கினோம். ஒத்துவரலைதான். ஆனா உக்காரும். அழுத்தினா உக்காரும்."

"கார்டு?"

"அதைக் கடையில நான் பேசிக்கறேன். அது பெட்டியிலயே இருக்கும். பெட்டி கூடத்துல இருக்கும்."

மத்தியானத்துக்குள் மெஷினும் அதன் மேசையும் கூடத்துக்கு இடம் மாறின. அவள் இரும்பு ஸ்கேலை வைத்துக் கூடத்து மூலையை அளந்து கொடுத்தாள். இரண்டு விரல் இடைவெளியில் மேசை சரியாக உட்கார்ந்தது. அவன் "உம்" என்றான். அவள் "ம்" என்றாள். அவிழ்ந்த ஒயர்களை அவன் மறுபடி பொறுமையாகக் கட்டியதை அவள் பார்க்காததுபோலப் பார்த்தாள்.

கார்டை மாட்டினாள். படம் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள், சும்மாதான். மூன்று மணி வெயில் ஜன்னலில் நின்றது. கட்டிலில் கால் நீட்டிப் படுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமத் தொடங்கியது. அவன் ஏதோ பெரிய படத்தை ஓட்டுகிறான் போலும். சத்தம் ஏற ஏற அவளுக்கு அந்த விசிறி கண்முன் வந்தது. அம்பு உள்ளே பார்த்தபடி சூட்டைப் பெட்டிக்குள்ளேயே சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறது. கோடை வந்தால் வேலைக்கு நடுவில் மெஷின் நின்று நின்று போகும். ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

வந்து கதவைத் தட்டிக் கேட்டால் சொல்லுவாள். "ஒரு நிமிஷம் தம்பி" என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரம் கழித்து.