மாமியின் கண் திறந்த படம்

முதலில் அந்தக் கமராவின் நல்ல குணங்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் குறை சொல்லக்கூடாது. ஃபிலிம் வேண்டாம். கழுவக் கொடுத்துவிட்டு ஒரு கிழமை காத்திருக்கத் தேவையில்லை. எடுத்த கையோடு முதுகிலிருக்கிற தீப்பெட்டி அளவுத் திரையில் படம் தெரியும். பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். இந்தக் கடைசிக் குணத்தைப் பேசாலைச் சந்தியில் நின்று நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று தெரியாது. ஏதோ நானே அதைக் கண்டுபிடித்தவன் மாதிரி ஒரு நடை, ஒரு பேச்சு. அந்த நாளில் என்னைப் பார்த்தவர்கள் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கமரா பிரான்ஸில் இருந்து வந்தது. திருவிழாவுக்கு வந்த சித்தப்பாவின் மகன் தனக்குப் புதுசு வாங்கிவிட்டதால் பழசை என் கையில் திணித்துவிட்டுப் போனான். ஒரு மெகாபிக்சலும் சில்லறையும். பாதிச் செங்கல் அளவு, பாதிச் செங்கல் பாரம். நாலு பென்ரோச் பற்றரி போடவேண்டும். பத்துப் படத்துக்குள் நாலும் செத்துவிடும். மெமரி கார்ட்டில் மொத்தம் பதினாறு படம்தான் கொள்ளும். அதற்குமேல் எழுத்தெல்லாம் பிரெஞ்சு. எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டுப் போக அவனுக்கும் நேரமில்லை, கேட்க எனக்கும் மானம் விடவில்லை. அதில் எனக்கு விளங்கிய ஒரே அடையாளம் குப்பைவாளிப் படம். அதை அமத்தினால் அழியும்.

அப்போது நாங்கள் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருந்து ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. நான், மனைவி, மனைவியின் தாய், மூன்று பேர். மாமியின் மூத்த மகள், எனக்கு மச்சாள், பிள்ளைகளின் படிப்புக்காக அங்கேயே தங்கிவிட்டார். ஒருதடவை இங்கே வந்துவிட்டால் திரும்பிப் போகிற அலுவல் லேசில்லை என்பதால் வரவும் முடியாது. இடையில் கிடப்பது ஒரு துண்டுக் கடல். என்னிடம் கமரா வந்த செய்தி கேட்டவுடன் மச்சாள் ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அம்மாவை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. இராமநாதபுரத்துக் கடையில் மகன் அதைப் பெரிதாக அடித்துத் தருவான், சுவரில் மாட்ட ஆணியும் அடித்துவிட்டேன் என்றார். வீட்டு அல்பம் முதல் இடப்பெயர்விலேயே போய்விட்டது. மாமியின் அடையாள அட்டையில் இருந்தது முப்பது வயதுப் பெண்; அதற்குள்ளும் தண்ணீர் போய், முகத்தில் பாதி ஊறிப்போய்க் கிடந்தது.

அதென்ன பெரிய வேலை, நாளைக்கே அனுப்புகிறேன் என்றேன். வாய் இருக்கிறதே எனக்கு, அதற்கு ஒரு பற்றரியும் தேவையில்லை.

நான் தொழிலால் பெயின்ரர். அங்கே இருந்த காலம் முழுக்க இராமநாதபுரத்துச் சுவர்களுக்குப் பெயின்ற் அடித்தவன், இங்கே வந்தும் புது வீட்டுத்திட்டச் சுவர்களுக்கு அதே வேலைதான். ஒரு சுவரைப் பார்த்தால் எனக்குச் சுவர் தெரியாது. பிரஷ் படாத இடம், திட்டுத் திட்டாக நிற்கிற இடம், இவைதான் தெரியும். இந்தக் கண்ணை நான் பெரிய சொத்தென்று நினைத்திருந்தேன். அதே கண்ணோடு கமராவையும் தூக்கினேன்.

தூக்கின பிறகுதான் அதன் மற்றக் குணங்கள் தெரியவந்தன. பட்டனை அமத்தினால் அது உடனே எடுக்காது. ஒரு யோசனை யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். மன்னார் ரவுனில் நடுத்தெருவில் நின்ற கழுதையை எடுத்தேன். திரையில் தெருவும் ஒரு வாலும் இருந்தன. கழுதையையே பிடிக்காத கமரா மனிதரைப் பிடிக்குமா என்று ஒரு முச்சக்கரவண்டிக்காரர் கேட்டுவிட்டுப் போனார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். உயிலங்குளத்தில் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் பிள்ளைக்குக் கோயில் முற்றத்துப் பூசையில் முதல் நன்மை, முதல்தரம் நற்கருணை வாங்குகிற நாள். நான்தான் படம் எடுப்பேன் என்று வலிந்து கேட்டு வாங்கினேன். பூசை வைத்த சுவாமி பிள்ளையின் நாக்கில் அப்பத்தை வைக்கிற நேரம் பார்த்து அமத்தினேன். கமரா யோசித்தது. வந்தது சுவாமியின் முழங்கையும், நன்மை வாங்கிவிட்டுப் போகிற பிள்ளையின் முதுகும். அன்றைக்குப் பற்றரி மாற்றி மாற்றி எடுத்த பதினாறும் முதுகுதான். வெயிலில் திரை கறுப்பாய்த் தெரிவதால், எடுத்த எதையும் அங்கே நின்று பார்க்கவும் முடியவில்லை. பந்தலுக்குள் வந்து பார்த்தபோது பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வீட்டார் இன்றுவரை என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை, அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மாமியின் விஷயத்தில் வேறு கரைச்சல். அந்தக் கமராவின் ஃப்ளாஷ் இரண்டுதரம் வெட்டும். முதல் வெட்டு சும்மா, கண் சிவப்பாக விழாமல் இருப்பதற்காம். இரண்டாவது வெட்டில்தான் படம். இது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பிரெஞ்சில் இருந்தது. மாமி பழைய ஸ்ரூடியோக் காலத்து ஆள். படம் என்றால் பவுடர் பூசி, சீலையை இழுத்துவிட்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்து, மூச்சை அடக்கிக்கொள்வார். முதல் வெட்டு விழும். "எடுத்தாச்சோ தம்பி?" என்று மூச்சை விட்டுக் கண்ணை மூடுவார். இரண்டாவது வெட்டு சரியாக அந்த நேரம் பார்த்து விழும்.

எங்கள் பக்கத்தில் உயிரோடிருக்கிற ஆளின் கண் மூடிய படத்தை வீட்டில் வைக்கமாட்டார்கள். செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று படம் எடுக்கிற வழக்கம் இருக்கிறதால், கண் மூடிய முகம் என்றால் அது ஒன்றுக்குத்தான். மாமி திரையை எட்டிப் பார்ப்பார். "உந்தப் படத்தை அழியுங்கோ தம்பி. செத்த ஆள் மாதிரிக் கிடக்கு." நானும் குப்பைவாளியை அமத்துவேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் அழிக்கிற சுகம். அடுத்த ஞாயிறு திரும்பவும் பவுடர், திரும்பவும் கதிரை.

இப்படிக் கிட்டத்தட்ட இரண்டு வருடம். முருங்கைக்குக் கீழே, கிணற்றடியில், வாசலில், கோயில் முன்னால். மச்சாள் ஃபோன் எடுக்கும்போதெல்லாம் இந்தா வருகுது, இந்தா வருகுது என்பேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. அந்த ஆணியில் இப்போதைக்குக் கலண்டரை மாட்டியிருப்பதாக மட்டும் ஒருநாள் சொன்னார்.

ஒரே ஒருதடவை மாமியின் கண் திறந்திருந்தது. வெளியே நல்ல வெளிச்சம் இருந்தபடியால் ஃப்ளாஷ் வெட்டவில்லை. முற்றத்தில் நின்று யாரையோ பார்த்து ஏதோ சொல்கிற மாதிரி மாமி. மனைவி பார்த்துவிட்டு, "இது காணும், இதை அக்காவுக்கு அனுப்புங்கோ" என்றாள். நான் பார்த்தேன். பின்னால் கொடியில் நான் இடுப்பில் கட்டுகிற சாறம் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் பெயின்ற் பட்ட சாறம். அதோடு இடது தோள் படத்துக்குள் முழுதாக வரவில்லை. "உங்கடை சாறத்தை அங்கை ஆர் பாக்கப்போகினம்?" என்று மனைவி கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரில் காலாகாலத்துக்கும் தொங்கப்போகிற படம், அதில் இவ்வளவு பிழையை வைத்துக்கொண்டு எப்படி அனுப்புவது, நாளைக்கு வடிவாக எடுத்தால் என்ன என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். அடுத்தநாள் பெரியமடுவில் ஒரு வீடு பெயின்ற் அடித்து முடித்தோம். அதைப் படம் எடுக்க கார்ட்டில் இடம் இருக்கவில்லை. சாறத்துப் படத்தை அழித்தேன்.

மாமி மூன்று மாதத்தில் போய்விட்டார். காலையில் தேத்தண்ணி குடித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மன்னார் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன் முடிந்துவிட்டது. பெட்டிப் படம் எடுக்க ரவுனில் இருந்து ஸ்ரூடியோக்காரர் வந்தார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மச்சாள் ஃபோனில் அழுதழுது சொன்னது, பெட்டியில் கிடக்கிற அம்மாவைத் தனக்கு அனுப்பவேண்டாம், உயிரோடு நடமாடின படம் ஒன்று போதும் என்பதுதான்.

கமராவை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாறு படம். ஒன்பது நான் பெயின்ற் அடித்த சுவர்கள். இரண்டு ஆடு. ஒரு படகு. ஒரு பெருக்கு மரம், மூன்று கோணத்தில். கடைசி என் பெருவிரல். இந்த விரலை நான் ஏன் அழிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. மாமி இல்லை. அந்த இடத்திலேயே கமராவைக் கிணற்றில் போட்டிருப்பேன், துக்கவீட்டுக்கு வந்த சனம் பார்க்குமே என்று விட்டேன். வெட்கக்கேட்டுக்கும் மானம் பார்க்கிற ஆள் நான்.

அழித்ததைத் திருப்பி எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, ரவுனில் கொம்யூட்டர் வைத்திருந்த கொம்யூனிகேசன் கடைக்குக் கார்ட்டைக் கொண்டுபோனேன். கடைக்காரர் நல்ல மனிதர். ஏதோ ஒன்றைப் போட்டு அரை நாள் தேடினார். அழித்த இடத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கிறீர்கள் அண்ணை, கீழே ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். மிஞ்சினது பாதிப் படம் ஒன்று. அதில் பெரியமடு வீட்டின் கூரையும், பிறகு சாம்பல் கோடுகளும் இருந்தன. போகிற போக்கில் அவர் கமராவை வாங்கி இரண்டு பட்டனைத் தட்டி எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றித் தந்தார். ஃப்ளாஷை நிறுத்துகிற இடம் மூன்றாவது வரியில் இருந்தது. அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

எட்டாம் நாள் பூசை முடிந்து சனம் போன பிறகு, மத்தியானம் மச்சாள் ஃபோன் எடுத்தார். நான் இனியும் ஒளிக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கண் மூடினதையும், அழித்ததையும், சாறத்தையும், சுவர்களையும். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நல்லது. மச்சாள் கேட்டது வேறு.

"மச்சான், படம் இல்லாட்டிப் போகட்டும். நீங்கள் எத்தினை தரம் எடுத்தனீங்கள், எடுத்து எடுத்துப் பாத்தனீங்கள்தானே. அம்மா எப்பிடி இருந்தவ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

இது என்னால் முடியும் என்று நினைத்தேன். ஒன்று விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் படம் முருங்கைக்குக் கீழே, கண் மூடியிருந்தது என்றேன். இரண்டாவது கிணற்றடி, கண் பாதி, தலை கொஞ்சம் வெட்டுப்பட்டது. மூன்றாவது வாசலில், ஆள் ஆடிவிட்டார், முகம் கலங்கினது. கோயில் முன்னால் எடுத்ததில் வெயில் கூடி, கண்ணைச் சுருக்கிவிட்டார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். மச்சாள் குறுக்கே வந்து கேட்டார். என்ன சீலை உடுத்திருந்தவ? எனக்குத் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டதோ, முன்பக்கம் மட்டுமோ? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஊருக்குப் போகும்போது போட்டிருந்த தோடு இன்னும் போடுகிறவவோ? அதுவும் தெரியவில்லை. மெலிஞ்சிட்டாவோ என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. இரண்டு வருடமாக அந்தத் தீப்பெட்டித் திரையை மூக்கோடு வைத்துப் பார்த்தவன் நான். அதில் பிழை எங்கே என்று கேட்டால் இருட்டிலும் சொல்வேன்.

மனைவி வந்து என் கையில் இருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். வாசற்படியில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினாள். நரை முன்னுக்குத்தான் அக்கா, பின்பக்கம் இன்னும் கறுப்பு. தோட்டை வித்துப்போட்டு, ஓட்டை தூர்ந்துபோகாமல் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தவ. வலது கை தூக்கேலாது, தலையை இடக்கையாலதான் முடியிறவ. மேல்வரிசையில் ஒரு முன்பல்லு விழுந்திட்டுது, அதுக்குப் பிறகு சிரிச்சால் சீலைத் தலைப்பால வாயைப் பொத்துவா.

நான் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமிக்கு முன்பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.