சோளக்காட்டில் சூறைச்செல்வி

1. வீக்னெஸ் கிடையாது

சித்திரக்கதை வரைவது என் பிழைப்பு. ஊர் கொல்லிமலையில் அரியூர் நாடு. வரைந்ததை இங்கிருந்தே சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவேன். ஒருநாள் ஆசிரியர் போன் செய்தார். பாப் பாடகி மாயாஸ்ரீயின் முகத்தை வைத்து ஒரு சூப்பர் ஹீரோயின் வேண்டும், அவருடைய ஆல்பமும் நம் புத்தகமும் ஒரே நாளில் வெளிவரும் என்றார்.

அப்படிப் பிறந்தவள்தான் சூறைச்செல்வி. பாடினால் புயல் கிளம்பும். பிரேக் பிடிக்காத பஸ்சை அலாக்காகத் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே பறப்பாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் எதற்குமே அசையாதவளை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் கதையை ஓட்டுவது? ஏதாவது ஒரு பலவீனம் கொடுக்கலாமா என்று மாயாஸ்ரீயின் மேனேஜர் தினகரிடம் கேட்டேன்.

"எங்க ஆர்ட்டிஸ்டுக்கு வீக்னெஸே கிடையாது மேடம். இமேஜ் போயிடும். அவங்களுக்குத் தும்மல்கூட வரக் கூடாது."

கதை நடப்பது எங்கள் கொல்லிமலையில் என்பதால், புத்தகம் அச்சாகும் முன் நடக்கும் அறிமுக விழாவைச் சோளக்காட்டுச் சந்தையில் வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார்.

2. பிரியாணி

விழாவுக்கு முந்தின நாள் தினகருக்குப் போன் போட்டேன். "காலையில லேசா ஏதாவது சாப்பிட்டுட்டு ஏறச் சொல்லுங்க. எழுபது வளைவு."

"அவங்க உலகம் பூரா ஃப்ளைட்ல சுத்துறவங்க மேடம். உங்க ரோடு என்ன பண்ணிடும்?"

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது! போனை வைத்துவிட்டேன்.

அடிவாரத்தில் மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, சூறைச்செல்வி போலவே முதுகில் தொங்கும் நீலக் கேப் மாட்டிக்கொண்டு காரில் ஏறியிருக்கிறார் மாயாஸ்ரீ. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ரீல்ஸ் வேறு. சோளக்காட்டில் கார் நின்றது. பட்டாசு வெடித்தது. சூறைச்செல்வி கம்பீரமாக இறங்கி, நாலு எட்டு வைத்து, பலாப்பழக் கடை ஓரமாகக் குனிந்தாள். தினகர் கண்ணாடி நழுவப் பாய்ந்துபோய்க் கையில் கிடைத்த மேக்கப் பையைத் திறந்து பிடித்தார்.

பழக்கடை அம்மா மாயாஸ்ரீயின் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். "ஏங்கண்ணு, வவுறு முட்டத் தின்னுபோட்டா மலையேறுவாங்க? இந்தா, எலுமிச்சம்பழத்த மோந்து பாரு. வெக்கப்படாத சாமி, இந்த ரோட்டுல வாந்தியெடுக்காதவங்க ஆரு?"

சுற்றிலும் செல்போன்கள். "வீடியோ எடுக்காதீங்க!" என்று கத்திப் பார்த்துத் தோற்ற தினகர் என்னிடம் வந்தார்.

"எல்லாம் கேன்சல் மேடம். வாந்தியெடுக்கிற ஹீரோயினை எவன் வாங்குவான்? இந்த கேரக்டரே வேண்டாம்."

அவர்கள் வேண்டாமென்றால் நான் சூறைச்செல்வியை வேறெங்கும் வரையக் கூடாது என்பது ஒப்பந்தம். பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவது போலிருந்தது.

3. உவ்வ்வே

கூட்டத்தின் முன்னால் நான் வரைந்து காட்டுவதற்காக மேடையில் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தார்கள். ஆனது ஆகட்டும் என்று ஏறி மார்க்கரை எடுத்தேன். படத்தில், வளைவின் தடுப்புச் சுவரைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறாள் சூறைச்செல்வி. சண்டைக்கு வந்த வில்லன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அவள் கேப் அழுக்காகாமல் தூக்கிப் பிடித்திருக்கிறான். புயலுக்குப் போடுகிற அதே வெடிப்புக் கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் "உவ்வ்வே!" என்று எழுதினேன்.

சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. வாயைக் கழுவிக்கொண்டு மாயாஸ்ரீ மேடைக்கு வந்தார். படத்தை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. போச்சுடா என்று நினைத்தேன். என் கையிலிருந்து மார்க்கரை வாங்கினார்.

"ஒண்ணை விட்டுட்டீங்க மேடம்." படத்தின் மூலையில் கண்ணாடி போட்ட ஓர் ஆளைக் கிறுக்கி, அவன் கையில் ஒரு பையைக் கொடுத்தார். "இதைப் பிடிச்சது யாருன்னு தெரிய வேண்டாமா? தினகர், இந்த சீன் புக்ல வருது. ஓகேதானே?"

அத்தனை பேர் முன்னால் தினகர் வேறென்ன செய்வார்? தலையாட்டினார்.

அந்தக் காட்சியையும் சேர்த்து அச்சடித்ததில் புத்தகம் கொஞ்சம் தாமதமாக வந்தது. இப்போது அது தொடராக வருகிறது; இதழுக்கு இதழ் வாசகர்கள் கண்ணாடிக்காரரைத்தான் கேட்கிறார்கள். தினகரும், படத்தில் தன் தலையில் இன்னும் கொஞ்சம் முடி சேர்க்கும்படி எனக்குப் போன் செய்கிறார். சேர்க்க மாட்டேன்.

புதிதாக வரைய வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் நாயகி எப்படிப் பறப்பாள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவள் குனியும்போது எவர் ஓடிவந்து பையைப் பிடிப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.